அளக்கப்படாத வீதிகளும் ஒதுக்கப்படும் கோடிகளும்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட மனித உயிர்களைக் காவு கொண்டதுடன், மலையகத்திலும் ஆற்றுப் படுக்கைகளை அண்டிய சமவெளிகளிலும் வீடுகளை மட்டுமன்றி அந்த வீடுகளுக்குச் செல்லும் வழிகளையும் சேர்த்தே அழித்துச் சென்றது. நேரடிச் சேதம் 4.1 பில்லியன் டொலர் எனவும் அதில் மிகப் பெரிய பங்கு வீதி, பாலம், புகையிரதப் பாதை, நீர் வழங்கல் ஆகிய உட்கட்டமைப்புகளுக்கு நேர்ந்ததெனவும் உலக வங்கி அதே ஆண்டு டிசெம்பரில் வெளியிட்ட விரைவு மதிப்பீட்டில் கூறியிருந்தது. நாட்டின் பொருளாதாரம் இருக்கும் நிலையில் இத்தொகையின் சுமை எத்தகையது என்பதை நாம் விபரிக்க வேண்டியதில்லை.

சேதம் என்பது முன்னர் இருந்ததற்கும் இப்போது எஞ்சியிருப்பதற்கும் உள்ள வித்தியாசமாகும். ஒரு வீதியில் எத்தனை மதகுகள் இருந்தன, அவை எங்கெங்கே இருந்தன, எந்த இடத்தில் தார் முடிந்து கிறவல் தொடங்கியது, எவ்வளவு நீளத்திற்குக் காப்புச்சுவர் கட்டப்பட்டிருந்தது என்ற விபரங்கள் வெள்ளத்திற்கு முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தால் மாத்திரமே வெள்ளம் கொண்டு சென்றது எவ்வளவு என்று கூற முடியும். இல்லையேல் சேத மதிப்பீடு என்பது யார் உரத்துக் குரல் கொடுக்கின்றார் என்பதையும், எந்த அதிகாரி எந்தக் கிராமத்திற்கு முதலில் சென்றார் என்பதையும் பொறுத்ததாகிவிடும். நிவாரணமும் புனரமைப்பும் அவ்வாறே பங்கிடப்படும்.

இந்த எழுதி வைத்தலுக்குத்தான் வீதி விபரப் பதிவேடு என்று பெயர். இது கவர்ச்சியற்ற வேலை. நாடா வெட்டித் திறந்து வைப்பதற்கோ பெயர்ப்பலகை நாட்டுவதற்கோ இதில் எதுவுமில்லை. வருடக் கணக்கில் வீதி அபிவிருத்தி பற்றிப் பேசி வந்த நாம் இதைப் பற்றி அதிகம் பேசாதமைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இலங்கையின் வீதிகள் மூன்று கைகளில் உள்ளன. ஏ, பீ தர வீதிகள் சுமார் 12,000 கிலோமீற்றர். இவையும் அதிவேகப் பாதைகளும், 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பாகும். சீ, டீ தர வீதிகள் மாகாண நிர்வாகத்திற்குரியவை. எஞ்சிய பெரும்பகுதி மாநகர, நகர, பிரதேச சபைகளின் கீழ் வருகின்றது. தோட்டங்களுக்குள்ளும் நீர்ப்பாசன, வன, வனசீவராசிகள் திணைக்களங்களின் நிலங்களுக்குள்ளும் ஓடுபவை வேறு. அனைத்தையும் கூட்டினால் ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கு மேற்படும். பெரும்பாலான மக்கள் வீட்டு வாசலில் மிதிப்பது ஏ-9ஐயோ ஏ-5ஐயோ அல்ல. அவர்கள் மிதிப்பது இந்தக் கடைசிப் பிரிவைச் சேர்ந்த ஒழுங்கையை, தோட்டப் பாதையை, வயற்கரை வீதியையே.

தேசிய வீதிகளில் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் முகவரி உண்டு. 17/2 என்று எழுதப்பட்டிருந்தால் அது 17ஆம் கிலோமீற்றரில் வரும் இரண்டாவது மதகு என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் விளங்கிக் கொள்வார். மழையிரவில் தொலைபேசியில் இந்த இலக்கத்தைச் சொன்னாலே போதும், இயந்திரங்கள் எங்கே செல்ல வேண்டுமென்பது தெரிந்துவிடும். உள்ளூர் வீதியிலோ மதகின் முகவரி "பிள்ளையார் கோயிலுக்கு அப்பால், ஆலமரத்துக்குக் கிட்ட" என்பதாகவே இருக்கின்றது. ஆலமரம் விழுந்துவிட்டால் முகவரியும் போய்விடும்.

தூரத்தை முகவரியாகக் கொள்வது எம்மவருக்குப் புதிய விடயமல்ல. திருகோணமலையில் மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று இன்றும் ஊர்களை அழைக்கின்றோம். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றால் சிறு பிள்ளையும் வழி காட்டும். அது கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதியின் பழைய மைல் கணக்காகும். 155 மைல் என்பது ஏறத்தாழ 249 கிலோமீற்றர். மைல் கற்கள் போய்க் கிலோமீற்றர் கற்கள் வந்துவிட்டன, யுத்தம் வந்து சென்றது, வீதி பெயர்த்தெடுக்கப்பட்டு மீண்டும் போடப்பட்டது. ஆயினும் அந்த இலக்கம் ஊரின் பெயராக நிலைத்து நிற்கின்றது. சங்கிலி பிடித்தும் அளவுச் சில்லை உருட்டியும் நடந்து நடந்து அளந்த அக்காலத்து அலுவலர்களின் உழைப்பு அது.

இன்று அதே வேலையை ஓடும் வாகனத்தில் இருந்தவாறே செய்வதற்கான கருவி உலகின் பல நாடுகளில் பல தசாப்தங்களாகப் பாவனையில் உள்ளது. வாகனத்தில் பொருத்தப்படும் தூர அளவுக் கருவி என்று இதனைக் கூறலாம். சுருக்கமாகத் தூரமானி என்போம். வாகனத்தின் சில்லிலோ, சில்லைச் சுழற்றும் தண்டிலோ ஓர் உணரி பொருத்தப்படுகின்றது. சில்லு சுழலும்போது அது மின் துடிப்புகளை அனுப்புகின்றது. சாரதியின் முன்னால் உள்ள சிறு பெட்டி அத்துடிப்புகளை எண்ணி மீற்றர் கணக்காக மாற்றிக் காட்டுகின்றது. அருகில் அமர்ந்திருப்பவர் மதகைக் கடக்கும்போது ஒரு பொத்தானையும், வீதிச் சமிக்ஞைப் பலகையைக் கடக்கும்போது இன்னொரு பொத்தானையும், கிறவல் தொடங்கும் இடத்தில் வேறொன்றையும் அழுத்துகின்றார். மாலையில் அலுவலகம் திரும்பும்போது அந்த வீதியின் முழுப் பட்டியலும் தூரத்துடன் கையில் இருக்கும். அளவுச் சில்லுடன் நடந்து பல நாட்கள் செய்யும் வேலை ஒரு நாளில் முடிகின்றது.

வாகனத்தில் ஏற்கெனவே ஓடோமீற்றர் இருக்கின்றதே, பிறகெதற்கு இது என்று எவரும் கேட்கலாம். சாதாரண ஓடோமீற்றர் நூறு மீற்றருக்குக் குறைந்த தூரத்தைக் காட்டுவதில்லை. நூறு மீற்றருக்குள் இரண்டு மதகுகள் இருக்கக் கூடும். அதைவிட முக்கியமானது அளவுத்திருத்தம். புதிய ரயர் ஒன்றின் விட்டம் 640 மில்லிமீற்றர் என்று கொள்வோம். அதன் பட்டி 6 மில்லிமீற்றர் தேய்ந்தால் விட்டத்தில் 12 மில்லிமீற்றர் குறைகின்றது. அதாவது ஏறத்தாழ 2 சதவீதம். தேய்ந்த சில்லு அதே தூரத்தைக் கடக்கக் கூடுதலான தடவைகள் சுழல வேண்டியிருப்பதால் வீதி இருப்பதைவிட நீளமானதாகத் தோன்றும். 20 கிலோமீற்றர் வீதியொன்றில் இது 400 மீற்றர். நிலத்தில் இல்லாத 400 மீற்றருக்குத் தாரும் கல்லும் கூலியும் கணக்கிடப்படுகின்றது. இதில் எவரது கள்ளத்தனமும் தேவையில்லை. ரயர் தேய்ந்திருந்தாலே போதுமானது.

ஆகவேதான் தூரமானியைப் பயன்படுத்துவோர் முதலில் செய்ய வேண்டிய காரியம், நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு மட்டமான நேர் வீதியில் சரியாக 1,000 மீற்றரை அளந்து இரு முனைகளிலும் அடையாளமிடுவதாகும். வாகனத்தைச் சில கிலோமீற்றர் ஓட்டி ரயர்களைச் சூடாக்கிய பின்னர் (சூடேறும்போது காற்றழுத்தம் கூடுகின்றது என்பதனால்) அந்த ஆயிரம் மீற்றரைப் பல தடவை கடந்து, துடிப்புகளின் சராசரியைக் கருவிக்குக் கற்பிக்க வேண்டும். ரயர் மாற்றினாலோ காற்றடித்தாலோ சுமை கணிசமாக வேறுபட்டாலோ இதை மீண்டும் செய்ய வேண்டும். இவ்வாறு ஒழுங்காகத் திருத்தப்பட்ட கருவியின் பிழை கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும். திருத்தப்படாத கருவி ஓடோமீற்றரைவிடப் பெரிதாக மேலானதல்ல. விலை கொடுத்து வாங்கிய பெட்டியை அப்படியே பொருத்திவிட்டு அது காட்டும் தசம இலக்கங்களை வேதவாக்காக எடுத்துக் கொள்வது எமது திணைக்களங்களில் நடக்கக் கூடியதே என்பதால் இதை அழுத்திக் கூறுகின்றோம்.

கைத்தொலைபேசியிலேயே செய்மதி வழிகாட்டி இருக்கும் காலத்தில் சில்லின் சுழற்சியை எண்ணிக் கொண்டிருப்பதா என்ற கேள்வியும் நியாயமானதே. திறந்த வெளியில், வன்னியின் நேர் வீதிகளில், செய்மதி வழிகாட்டி பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மலையகத்திற்கு வாருங்கள். ஏ-5 வீதி பேராதனையில் தொடங்கி இறம்பொடை, நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாக மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியில் முடிகின்றது. இறம்பொடையில் அது சுரங்கத்தினுள் புகுந்து வெளிவருகின்றது. அங்கே செய்மதிச் சமிக்ஞை கிடைக்காது. செங்குத்தான மலைச் சரிவின் ஓரத்திலும் அடர்ந்த மரங்களின் கீழும் சமிக்ஞை தடுமாறும். புள்ளிகள் வீதியை விட்டுப் பள்ளத்தாக்கிற்குள் தாவி நிற்கும். சில்லோ சுரங்கத்தையும் மரத்தையும் அறியாது; சுழன்று கொண்டே இருக்கும்.

மற்றொன்று, வரைபடத்தில் அளக்கப்படுவது கிடைத்தூரம். வீதியின் மேற்பரப்போ சரிவானது. நூற்றுக்குப் பத்து ஏற்றமுள்ள வீதியில் வரைபடம் 1,000 மீற்றர் என்று காட்டுவது நிலத்தில் 1,005 மீற்றராகும். ஐந்து மீற்றர் அற்பம் என்று தோன்றலாம். தார் ஊற்றப்படுவது வரைபடத்தின் மீதல்ல, சரிவின் மீது என்பதால் மலைநாட்டு மாகாணமொன்றின் முழு வீதிகளுக்கும் இதைக் கூட்டிப் பார்த்தால் அற்பமாக இராது. தூரமானி சரிவு வழியே உருண்டு அளக்கின்றது. எனவே இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே அறிவுடைமை: எங்கே என்பதற்குச் செய்மதி, எவ்வளவு என்பதற்குச் சில்லு.

தூரமானிக்கும் குறைகள் உண்டு. கொண்டை ஊசி வளைவில் உட்பக்கமாக ஓட்டினால் ஒரு நீளமும் வெளிப்பக்கமாக ஓட்டினால் இன்னொரு நீளமும் கிடைக்கும். முந்திச் செல்வதற்காக வாகனம் விலகினாலும் கணக்கு மாறும். ஆகையால் இரு திசையிலும் ஓட்டி ஒப்பிட்டு, வித்தியாசம் அதிகமாயின் மீண்டும் அளக்க வேண்டும். வீதி எங்கே தொடங்குகின்றது என்பதிலும், அதாவது சந்தியின் நடுவிலா, பிரதான வீதியின் ஓரத்திலா என்பதிலும், முன்கூட்டியே உடன்பாடு வேண்டும். இல்லையேல் ஒரே வீதிக்கு இரு உத்தியோகத்தர்கள் இரு நீளம் எழுதுவார்கள். அகலத்தையும் தாரின் தடிப்பையும் இக்கருவி சொல்லாது. அவற்றுக்கு இறங்கி நின்று அளவு நாடாவைப் பிடித்தேயாக வேண்டும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் பலவற்றினுள் ஜீப் வண்டி நுழையாது; ஆனால் அதே உணரியை மோட்டார் சைக்கிளின் சில்லிலும் பொருத்தலாம்.

பதிவேட்டைத் தயாரிக்கும்போது இன்னொரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். வீதியின் தொடக்கத்திலிருந்து மொத்தத் தூரத்தை மாத்திரம் எழுதிச் சென்றால், நடுவில் ஒரு வளைவு நேராக்கப்பட்டு 80 மீற்றர் குறைந்ததும் அதற்கப்பால் உள்ள அத்தனை மதகுகளின் தூரமும் பிழைத்துப் போகும். அருகிலுள்ள சந்தி, பாலம் அல்லது கிலோமீற்றர்க் கல்லிலிருந்து எத்தனை மீற்றர் என்று எழுதினால் அந்தத் துண்டை மட்டும் திருத்தினால் போதும். மண்சரிவுக்குப் பின்னர் மலையகத்தில் பல வீதிகள் புதிய தடத்தில் வெட்டப்பட வேண்டியிருக்கும் என்பதால் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

இவற்றை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் கிலோமீற்றர் வீதி அபிவிருத்தித் திட்டம் என்று ஒன்று ஆரம்பிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நிதி வற்றி, கொந்துராத்துகாரர்களுக்குக் கொடுப்பனவுகள் நிலுவையாகி, அரைகுறையாகக் கிளறப்பட்ட வீதிகள் புழுதியோடும் சேற்றோடும் கிடந்தன. ஓர் இலட்சம் என்பது மேடையில் சொல்வதற்கு ஏற்ற எண். அளந்து பெற்ற தொகைகள் இவ்வளவு அழகாகப் பூச்சியங்களில் முடிவதில்லை. அத்தகைய திட்டமொன்றில் நீளக் கணிப்பு நூற்றுக்கு இரண்டு மட்டும் பிழைத்தால் கூட அது 2,000 கிலோமீற்றர் ஆகும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு 321 கிலோமீற்றர் நீளமான ஏ-9 வீதியில் ஆறு தடவை பயணம் செய்வதற்குச் சமம். அவ்வளவு நீளத்திற்குரிய பணம் எங்கே சென்றது என்று கணக்காய்வாளர் கேட்டால், அளவையே இல்லாத இடத்தில் எதைக் கொண்டு பதிலளிப்பது?

இதற்கு மாறான ஓர் அனுபவமும் உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2014இல் தொடங்கி, 2017இல் வடக்கு, கிழக்கு, ஊவா, மேல் மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்ட "ஐ-றோட்" எனும் ஒருங்கிணைந்த வீதி முதலீட்டுத் திட்டத்தில், வீதியைப் புனரமைப்பதோடு குறிப்பிட்ட காலத்திற்குப் பராமரிப்பதும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக்கப்பட்டது. எந்த இடத்தில் எந்த வடிகால், எந்தக் குழி என்று சுட்டிக்காட்ட முடியாவிடில் அத்தகைய பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கண்காணிக்கவே இயலாது. கடன் கொடுப்பவர் கேட்டால் அளக்கின்றோம், வரி கொடுப்பவர் கேட்டால் அளப்பதில்லை என்ற நிலை தொடர்வதற்கு நியாயமில்லை.

பதிவேட்டில் இல்லாத வீதிக்கு நிதி ஒதுக்க முடியாது என்பது உள்ளூராட்சி மன்றங்களில் அடிக்கடி கேட்கப்படும் பதில். அது சட்டப்படி சரியான பதிலாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை வழங்க முடியாத நிலை மூன்று தசாப்தங்களாக நீடித்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியதனால் லயன் அறைகளுக்குச் செல்லும் பாதைகள் தாமாகவே சபையின் ஏட்டில் ஏறிவிடவில்லை. அப்பாதை தோட்டக் கம்பனியுடையதா, சபையுடையதா, எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது எழுத்தில் இல்லாதவரை, டித்வாவில் அது முழுவதுமாக அடித்துச் செல்லப்பட்டிருந்தாலும் கோப்பின்படி அங்கே எதுவும் அழியவில்லை. நோயாளியைத் துணியில் கட்டித் தோளில் சுமந்து பிரதான வீதி வரை கொண்டு வரும் மக்களுக்கு இதைவிடக் கொடுமையான கணக்கு இருக்க முடியாது.

வடக்கிலும் இதுபோன்ற பிரச்சினை வேறு உருவில் இருக்கின்றது. வலிகாமம் வடக்கில் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக மூடப்பட்டிருந்த காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. 2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதியும் நிபந்தனைகளுடன் மக்கள் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. மீளக் குடியேறும் மக்கள் தமது வளவைத் தேடும்போது ஒழுங்கையே காணாமற் போயிருப்பதைக் காண்கின்றனர். பற்றை வளர்ந்த இடத்தில் வீதி எங்கே இருந்தது என்பதை முதியவர்களின் ஞாபகமும் பழைய உறுதிகளும்தான் சொல்ல வேண்டியிருக்கின்றது. அந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களை வாகனத்தில் ஏற்றிச் சென்று, இடங்களைக் காட்டச் சொல்லி, தூரத்தைப் பதிந்து கொள்வது அவசரமான காரியம். ஊர்ப் பெயர்களையும் குறிச்சிப் பெயர்களையும் சரியான தமிழில் எழுதுவதற்கும் அவர்களே துணை. அரச ஆவணங்களில் எமது ஊர்ப் பெயர்கள் படும் பாடு ஊரறிந்தது.

2025 மே மாதத்தில் தேர்தல் நடைபெற்று உள்ளூராட்சி மன்றங்களுக்கு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்துள்ளனர். கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017இலும் வட மாகாண சபையினது 2018இலும் முடிவடைந்த பின்னர் மாகாண வீதிகள் ஆளுநர்களின் நிர்வாகத்தின் கீழ் வந்தன. மக்கள் பிரதிநிதிகளின் தட்டிக் கேட்டல் இல்லாத காலங்களில் ஏடுகளின் முக்கியத்துவம் கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை. ஒரு மாவட்டத்திற்கு ஒரு தூரமானியை வாங்கிப் பிரதேச சபைகள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். அதன் விலை ஒரு கிலோமீற்றர் காபற் வீதிக்கு ஆகும் செலவின் சிறு பின்னமே. ஓட்டுவதற்கு ஒரு சாரதியும், பதிவதற்கு ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும், ஊரறிந்த ஒருவரும் போதும்.

அளந்து முடித்த பதிவேடு பெட்டகத்தில் பூட்டப்படுமானால் அளந்ததில் பயனில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் விண்ணப்பித்துப் பெறக் கூடிய ஆவணமே இது. விண்ணப்பத்திற்குக் காத்திராமல், ஒவ்வொரு வீதியினதும் நீளம், மதகுகளின் எண்ணிக்கை, அவற்றின் தூரம், கடைசியாக அளந்த திகதி ஆகியவற்றைச் சபை அலுவலகத்தின் அறிவித்தற் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டி வைக்கலாம். கொந்துராத்துகாரர் 3 கிலோமீற்றர் காபற் இட்டதாகப் பட்டியல் கொடுக்கும்போது, அது 2.7 கிலோமீற்றர் வீதியென்று ஊரவர் ஒருவரால் அப்போது சொல்ல முடியும். பதிவேடு திறந்திருப்பதை விரும்பாதவர்கள் சிலர் இருப்பார்கள் என்பதும் எமக்குத் தெரியாததல்ல.

நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் டித்வாவினால் சிதைந்த உள்ளூர் வீதிகளும் தோட்டப் பாதைகளும் முதலில் அளக்கப்பட வேண்டும். புனரமைப்பு நிதி அங்கேதான் முதலில் செல்லப் போகின்றது. புல்டோசர் இறங்கிய பிறகு பழைய தடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன்னர் குளக்கட்டு வீதிகளையும் தாழ்ந்த மதகுகளையும் பதிந்து முடித்தால், அடுத்த வெள்ளத்தின்போது எது மூழ்கியது என்று கேட்பவருக்கு இலக்கத்தைச் சொல்லிப் பதிலளிக்கலாம். இதற்கெல்லாம் முன்பாக ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த 1,000 மீற்றர் சோதனை வீதி தேவை. மட்டமான நேர் வீதியொன்றைத் தெரிந்து, நில அளவைத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவரைக் கொண்டு அளந்து, இரு முனைகளிலும் ஆணி அறைவதற்கு ஒரு நாள் போதுமானது. மாவட்டச் செயலாளர்கள் அந்த ஒரு நாளை இந்த மாதத்திலேயே ஒதுக்க வேண்டும்.